வயலில் நின்ற நீரும் ஏட்டில் ஏறிய எண்ணும்: இந்திய நெல் வயல் மீத்தேன் அளவீடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1990ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தந்த மதிப்பீட்டின்படி, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 37.8 மில்லியன் டன் மீத்தேனை, அதாவது புவியைச் சூடாக்கும் வாயுவை, வெளியிட்டன. 1991இல் புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஒருங்கிணைப்பில், நாட்டின் பல பகுதிகளிலும் வயலில் இறங்கி அளந்து பார்த்தபோது கிடைத்த விடை சுமார் 4 மில்லியன் டன். ஒரே நாடு, ஒரே பயிர், ஏறத்தாழ ஒரே காலம். ஆனால் இரண்டு விடைகளுக்கும் இடையே ஒன்பது மடங்கு வேறுபாடு இருந்தது. வேளாண்மையிலிருந்து வெளியேறும் வாயுக்களின் சுற்றுச்சூழல் தாக்கத்தை எவ்வாறு அளக்க வேண்டும், எவ்வாறு அளக்கக் கூடாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இந்த வேறுபாட்டின் பருமனை வயல் அளவில் வைத்துப் பார்த்தால் நன்கு விளங்கும். அன்றைய இந்தியாவின் நெல் சாகுபடிப் பரப்பு ஏறத்தாழ 42 மில்லியன் ஹெக்டேர். முதல் மதிப்பீடு உண்மையானால், ஒவ்வொரு ஹெக்டேரும் சராசரியாக ஆண்டுக்கு 900 கிலோ மீத்தேனை வெளியிட்டிருக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால் 95 கிலோதான். மானாவாரியில் மேட்டு நிலத்தில் விதைத்த நெல்லும், ஆண்டில் பாதி நாள் வெள்ளத்தில் கிடக்கும் தாழ்நிலத்து நெல்லும் சேர்ந்து உருவாகும் சராசரி இது. மேட்டு நில நெல்லில் நீரே தேங்குவதில்லை என்பதை அறிந்த எவருக்கும் 900 என்ற எண் ஐயத்தை எழுப்பியிருக்க வேண்டும்.

மீத்தேன் பிறக்கும் விதம்

வயலில் நீரைக் கட்டியவுடன் மீத்தேன் கிளம்பிவிடுவதில்லை. நீர் தேங்கியதும் மண்ணுக்குள் ஆக்சிஜன் செல்லும் வழி அடைபடுகிறது. இருந்த ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிடுகின்றன. அதன் பின்னர் மண்ணிலுள்ள நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்பேட் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக ஒடுக்கமடைகின்றன. இவை பெரும்பாலும் தீர்ந்து, மண்ணில் ஆக்சிஜன் எவ்வளவு தீர்ந்தது என்பதைக் காட்டும் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தம் சுமார் மைனஸ் 150 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இறங்கிய பிறகே மீத்தேனை உருவாக்கும் நுண்ணுயிர்கள் தம் வேலையைத் தொடங்குகின்றன. நடுவில் ஒரு முறை வயல் காய்ந்து மண்ணில் காற்று நுழைந்துவிட்டால் இந்த வரிசை மீண்டும் தொடக்கத்துக்குப் போய்விடும். ஆகவே மீத்தேனைப் பொறுத்தவரை, வயலுக்கு மொத்தம் எவ்வளவு நீர் பாய்ந்தது என்பதைவிட, இடைவிடாமல் எத்தனை நாள் நின்றது என்பதே முக்கியம்.

உருவான வாயுவில் ஒரு பகுதி வேரைச் சுற்றியும் மண்ணின் மேற்பரப்பிலும் உள்ள ஆக்சிஜனால் அழிகிறது. மிஞ்சியதில் ஒரு சிறு பகுதி குமிழிகளாக மேலே வருகிறது. பெரும்பகுதி, சில ஆய்வுகளின்படி 90 சதவீதம் வரை, நெற்பயிரின் உடல் வழியாகவே வெளியேறுகிறது. நீரில் நிற்கும் வேருக்குக் காற்றைக் கொண்டுசெல்லப் பயிர் தனக்குள் அமைத்துக்கொண்ட காற்றறைத் திசுவே, எதிர்த்திசையில் மீத்தேனுக்குப் புகைபோக்கி ஆகிவிடுகிறது. பயிரை விட்டுவிட்டு மண்ணையும் நீரையும் மட்டும் அளந்தால் விடை தவறிப்போவதற்கு இதுவே காரணம்.

மிகைப்பட்ட எண் எங்கிருந்து வந்தது

நெல் வயல் மீத்தேன் குறித்த முதல் உலகளாவிய மதிப்பீட்டை 1963இல் ஜப்பானிய ஆய்வாளர் கொயாமா தந்தார். வயல் மண்ணை ஆய்வகத்தில் அடைத்து வைத்து, அதிலிருந்து வந்த வாயுவை அளந்து, உலகப் பரப்புக்குப் பெருக்கியபோது ஆண்டுக்கு 190 மில்லியன் டன் என்ற விடை கிடைத்தது. அடைத்து வைத்த மண்ணில் வேரும் இல்லை, வடிகாலும் இல்லை. வயலிலேயே பெட்டி வைத்து அளக்கும் முறை 1980களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் தொடங்கியது. பின்னர் இத்தாலியின் வெர்செல்லி பகுதியில் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பல பருவங்கள் தொடர்ந்து அளந்தனர். அந்த இத்தாலிய அளவீடுகளைக் கொண்டு 1986இல் கணக்கிடப்பட்ட உலக மதிப்பீடு 70 முதல் 170 மில்லியன் டன் வரை இருந்தது. 1990இல் வெளியான, காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் (ஐ.பி.சி.சி.) முதல் அறிக்கை 110 மில்லியன் டன் என்ற எண்ணை ஏற்றுக்கொண்டது.

வயலில் எடுத்த இந்த அளவீடுகளில் குற்றம் காண முடியாது. வெர்செல்லியில் அளந்தவர்கள் அந்த வயலைப் பொறுத்தவரை சரியாகவே அளந்தார்கள். இத்தாலியிலும் கலிபோர்னியாவிலும் நெல் வயல் சமப்படுத்தப்பட்ட நிலம். கால்வாய் நீர் பருவம் முழுவதும் தடையின்றிக் கிடைக்கும். நீர் ஏறக்குறைய இடைவிடாமல் நிற்கும். உலக நெல் பரப்பில் பெரும் பங்கு இருப்பதோ தெற்கு, தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவில். அங்கே இரண்டு மழைக்கு நடுவில் வயல் வெடித்துக் காயும். முறை வைத்துத் திறக்கும் வாய்க்காலில் அடுத்த முறை வரும்வரை நீர் வராது. மணற்பாங்கான நிலத்தில் பாய்ச்சிய நீர் இரண்டே நாளில் கீழிறங்கிவிடும். ஒரு நீர்நிலைமையில் எடுத்த எண்ணை இன்னொரு நீர்நிலைமைக்குப் பரப்பால் பெருக்கியதுதான் பிழை. இந்தியாவின் பங்காகச் சொல்லப்பட்ட 37.8 மில்லியன், உலக மொத்தமாக ஏற்கப்பட்ட 110 மில்லியனில் மூன்றில் ஒரு பங்கு. உலக நெல் பரப்பில் இந்தியாவின் பங்கும் அதற்கு அருகில்தான் இருந்தது. பரப்பு தவிர வேறெதுவும் பெரிதாகக் கணக்கில் வரவில்லை என்பதை இந்த ஒப்பீடே காட்டிக்கொடுக்கிறது.

இந்த எண் ஆய்வாளர்களின் மேசையோடு நின்றுவிடவில்லை. அதே காலத்தில் வாஷிங்டனிலுள்ள உலக வளங்கள் நிறுவனம், பசுங்குடில் வாயு வெளியீட்டில் உலகின் முதல் ஐந்து நாடுகளுள் இந்தியாவையும் சேர்த்தது. 1991இல் டில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தைச் சேர்ந்த அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் இதைக் கடுமையாக எதிர்த்தனர். உயிர் பிழைக்க விளைவிக்கும் நெல்லிலிருந்து வரும் மீத்தேனையும் சொகுசுக் காரிலிருந்து வரும் புகையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது என்பது அவர்களது வாதம். 1992இல் ரியோவில் காலநிலை உடன்படிக்கை கையெழுத்தாகவிருந்த நேரம் அது. எந்த நாடு எவ்வளவு பொறுப்பேற்க வேண்டும் என்ற பேச்சின் அடியில், பரவலாக அளந்து பார்க்காத வயல்களைப் பற்றிய ஓர் எண் கிடந்தது. அந்த வாதத்தின் நியாயம் எனக்கு ஏற்புடையதே. ஆயினும் நியாயம் மட்டும் அந்த எண்ணை அசைத்திருக்காது. வயலில் இறங்கி அளந்ததே அசைத்தது.

பெட்டிக்குள் அரை மணி நேரம்

1991 அளவீட்டு இயக்கத்தை முன்னின்று நடத்தியவர், அயனி மண்டல ஆய்வில் பெயர் பெற்றவரும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமத்தின் தலைமை இயக்குநராக இருந்தவருமான ஆஷேஷ் பிரசாத் மித்ரா. அவர்கள் கையாண்ட மூடிய பெட்டி முறை இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளது. அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம். ஏனெனில் அளவீட்டின் நேர்மை பெருமளவு இந்தச் சிறு செயல்களில்தான் அடங்கியிருக்கிறது.

நடவுக்குப் பின் வயலில் ஒரு உலோகச் சட்டம் சேற்றில் அழுத்திப் பதிக்கப்பட்டு, பருவம் முடியும்வரை அங்கேயே விடப்படுகிறது. சட்டத்தின் மேல்விளிம்பில் ஒரு சிறு பள்ளம் ஓடும். அதில் நீர் ஊற்றி, அதன்மேல் அடிப்பகுதியற்ற ஒளிபுகும் அக்ரிலிக் பெட்டியைக் கவிழ்த்தால், நீரே காற்றுப் புகாத அடைப்பாகிவிடும். நான்கைந்து நெற்குத்துகள் உள்ளே நிற்கும். பெட்டிக்குள் பேட்டரியில் ஓடும் சிறு மின்விசிறி காற்றைக் கலக்கிக்கொண்டிருக்கும். ஒரு வெப்பமானி தொங்கும். கவிழ்த்த கணத்திலும், 15ஆவது நிமிடத்திலும், 30ஆவது நிமிடத்திலும் சிரிஞ்சால் உள்காற்றை உறிஞ்சி, ரப்பர் அடைப்பிட்ட கண்ணாடிக் குப்பிகளில் ஏற்றி, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவியில் செலுத்துகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. நீர்மட்டத்துக்கு மேல் பெட்டியின் உயரம் 90 சென்டிமீட்டர், உள்வெப்பம் 30 டிகிரி செல்சியஸ் எனக் கொள்வோம். தொடக்கத்தில் பத்து லட்சத்தில் 2 பங்காக இருந்த மீத்தேன் அரை மணி நேரத்தில் 8 பங்காக உயர்ந்தால், சதுர மீட்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் வெளியேறுகிறது என்று பொருள். அதே வேகம் 100 நாள் நீடித்தால் ஹெக்டேருக்கு 168 கிலோ. இப்போது, சிரிஞ்சோடு வந்தவர் பெட்டிக்கு அருகில் சேற்றில் காலை ஊன்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மண்ணில் அடைபட்டிருந்த குமிழிகள் பெட்டிக்குள் கிளம்பி, கடைசிக் குப்பியில் 8க்குப் பதிலாக 20 பதிவாகிறது. கணக்கு மூன்று மடங்காகி 500 கிலோவைத் தாண்டிவிடும். இதனால்தான் முறையாக அளப்பவர்கள் பருவத் தொடக்கத்திலேயே வயலுக்குள் பலகைப் பாலம் அமைத்து, அதன்மேல் நின்றே காற்றெடுக்கிறார்கள். நண்பகலில் மட்டும் எடுத்த அளவு, மண் சூடேறியிருப்பதால் நாள் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். தூர் கட்டும் பருவத்தில் மட்டும் எடுத்தது முழுப் பருவத்தையும் சொல்லாது. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே சிறு பிழைகள். ஒரு சதுர மீட்டரை 42 மில்லியன் ஹெக்டேருக்குப் பெருக்கும்போது எந்தப் பிழையும் சிறிதாக இருப்பதில்லை.

வயலை வகைப்படுத்தியதே திருப்பம்

1991 இயக்கத்தின் பெருமையைக் குறைந்த எண் கிடைத்ததில் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. நீர் நிற்கும் விதத்தை வைத்து வயல்களைப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தனி அளவைத் தேடியதே அதன் உண்மையான பங்களிப்பு. இந்த வழியில் தொடர்ந்து சேர்ந்த அளவீடுகளிலிருந்து, இந்தியாவின் தேசிய வாயு வெளியீட்டுக் கணக்கெடுப்புக்கான காரணிகள், அதாவது ஒவ்வொரு வகை வயலுக்கும் ஹெக்டேருக்கு இவ்வளவு என்ற எண்கள், உருவாயின. இடைவிடாமல் நீர் நிற்கும் பாசன வயலுக்கு ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 162 கிலோ. நடுவில் ஒரு முறை காய்ந்த வயலுக்கு 66 கிலோ. பலமுறை காய்ந்து நனைந்த வயலுக்கு 18 கிலோ. வெள்ளம் சூழும் மானாவாரித் தாழ்நிலத்துக்கு 190 கிலோ. மேட்டு நிலத்துக்குச் சுழியம். இடைவிடாமல் நின்றதற்கும் பலமுறை காய்ந்ததற்கும் இடையே மட்டும் ஒன்பது மடங்கு. உலகத்துக்கும் டில்லிக்கும் இடையே எழுந்த தகராறின் அளவும் அதுவேதான்.

இந்தியா 2004இல் ஐ.நா. காலநிலை உடன்படிக்கைச் செயலகத்துக்கு அளித்த முதல் தேசிய அறிக்கையில், 1994ஆம் ஆண்டுக்கான நெல் வயல் மீத்தேன் 4.09 மில்லியன் டன் எனப் பதிவாயிற்று. 2007ஆம் ஆண்டுக்கான கணக்கில் அது சுமார் 3.3 மில்லியன் டன். அதே ஆண்டில் கால்நடைகளின் செரிமானத்திலிருந்து வந்தது ஏறத்தாழ 10 மில்லியன் டன். மாட்டுக் கணக்கு இன்னொரு பெரிய ஆய்வுக்குரியது என்பதால் இங்கே அதற்குள் செல்லவில்லை. உலக மதிப்பீடும் இறங்கியது. ஐ.பி.சி.சி. 1992இலேயே 110ஐ 60 ஆக்கியது. அண்மைக் கணக்குகள் சுமார் 30 மில்லியன் டன் என்கின்றன.

தன் நாட்டுக்குச் சாதகமான எண்ணைத் தானே அளந்து சொன்னால் உலகம் ஏன் நம்ப வேண்டும் என்ற கேள்வி எழுவது இயல்பு. அதற்கு விடை காற்றிலிருந்தே வந்தது. செயற்கைக்கோள், விமானம், தரை நிலையம் ஆகியவற்றில் பதிவான மீத்தேன் செறிவைக் கொண்டு, காற்றோட்ட மாதிரிகளின் உதவியால் பின்னோக்கிக் கணக்கிட்ட ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. 2010 முதல் 2015 வரை இந்தியாவின் மொத்த மீத்தேன் வெளியீடு ஆண்டுக்குச் சராசரியாக 22 மில்லியன் டன் என்று அது கண்டது. இந்தியா தானே தெரிவித்த மொத்தத்துடன் இது ஒத்துப்போயிற்று. மாடு, குப்பை, நிலக்கரிச் சுரங்கம், நெல் அனைத்தும் சேர்ந்தே 22 மில்லியன்தான் என்னும்போது, நெல் மட்டுமே 37.8 மில்லியன் தந்தது என்ற பழைய எண்ணுக்கு நிற்க இடமில்லை. நெல் பரப்பு இடைப்பட்ட காலத்தில் பெரிதாக மாறவும் இல்லை. கீழிருந்து பெட்டியால் அளந்ததும் மேலிருந்து காற்றால் அளந்ததும் ஒன்றையொன்று சரிபார்த்த இந்த இடம், இந்நிகழ்வில் எனக்கு மிகவும் மனநிறைவு தரும் பகுதி.

காய்ந்த வயலில் வேறொரு வாயு

நீரை வடித்தால் மீத்தேன் குறையும் என்பதோடு கணக்கு முடிந்துவிடுவதில்லை. வயல் காய்ந்து நனையும்போது, யூரியாவாக இட்ட தழைச்சத்தின் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக மாறி வெளியேறுகிறது. நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டும் வாயு அது. வயல் மீத்தேனுக்கு அந்த மடங்கு 27. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் வயல்களில் செய்யப்பட்டு 2018இல் வெளியான ஓர் ஆய்வு, சில வயல்களில் ஒரு பருவத்தில் ஹெக்டேருக்கு 33 கிலோ வரை நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறியதாகக் கண்டது. இதைப் பெருக்கிப் பார்த்தால் ஹெக்டேருக்கு 9 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகர். இடைவிடாமல் நீர் நின்ற வயலின் 162 கிலோ மீத்தேனோ 4.4 டன்னுக்குத்தான் நிகர். ஐ.பி.சி.சி.யின் பொதுக் காரணியைப் போட்டால், 150 கிலோ தழைச்சத்து இட்ட வயலுக்குச் சுமார் 1.2 கிலோ நைட்ரஸ் ஆக்சைடுதான் வரும். 33 என்பது உச்ச அளவு. கடுமையாகக் காயவிட்ட வயல்களுக்குரியது. இது எவ்வளவு பரவலானது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அளவீட்டு முறை குறித்து அந்த ஆய்வு எழுப்பிய கேள்வியை ஒதுக்க முடியாது. மீத்தேன் நாள்கணக்கில் சீராக ஏறி இறங்கும்; வாரம் ஒரு முறை அளந்தாலும் அதன் போக்குப் பிடிபடும். நைட்ரஸ் ஆக்சைடு உரமிட்ட பின்போ வயல் காயும்போதோ ஓரிரு நாளில் பீறிட்டு அடங்கிவிடும். வாரம் ஒரு முறை பெட்டி வைப்பவர் அதைக் காணவே மாட்டார்.

கார்பன் வரவாகும் வயல்

1990இல் நாட்டுக்கு நாடு நடந்த கணக்குப் பேச்சு, இன்று வயலுக்கு வயல் வந்துவிட்டது. நீர் மறைய நீர் கட்டும் உழவர் குறைத்த மீத்தேனைக் கணக்கிட்டு, கார்பன் வரவாக (கார்பன் கிரெடிட்) விற்கும் திட்டங்கள் இந்தியாவிலும் நடக்கின்றன. வயலை அளக்காமல், காரணி எண்ணைப் பரப்பால் பெருக்கியே வரவை எழுதும் ஆபத்து இத்தகைய திட்டங்களில் உண்டு. கார்பன் வரவுகளைப் பதிவு செய்யும் வெர்ரா என்னும் அமைப்பு, நெல் திட்டங்களுக்குப் பயன்பட்டு வந்த கணக்கீட்டு முறையை 2023இல் நிறுத்திவைத்து, 2024இல் சீனாவின் 37 நெல் திட்டங்களைத் தன் பதிவிலிருந்து நிராகரித்தது.

நம் பக்கத்தில் இதே நீர் மேலாண்மைக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று பெயர். திருந்திய நெல் சாகுபடியோடு சேர்ந்து இது உழவர்களிடையே பரவியது. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை வயலில் பாதிக்குமேல் புதைத்து, உள்ளிருக்கும் மண்ணை அகற்றிவிட்டால், குழாய்க்குள் நிலத்தடி நீர்மட்டம் தெரியும். அது மண் மட்டத்திலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் மீண்டும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்தக் குழாயில் நாள்தோறும் அளவுக்கோலை விட்டுப் பார்த்துக் குறித்து வைத்த ஏடு, எந்தச் செயற்கைக்கோளும் தர முடியாத தரவு. மீத்தேனைக் காணும் செயற்கைக்கோள் கருவிகளுள் பெயர்பெற்ற டிரோபோமியின் ஒரு படப்புள்ளி ஐந்தரைக்கு ஏழு கிலோமீட்டர். பருவமழை மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. நெல் வயல் மீத்தேன் மிகுதியாக வரும் காலமோ அந்த மழைக்காலம்தான்.

எனவே திட்டம் நடத்துபவர்களிடம் நான் முதலில் கேட்பது மீத்தேன் எண்ணை அல்ல, நீர்மட்ட ஏட்டை. எந்தப் பருவம், வைக்கோலை மடக்கி உழுதது நடவுக்கு எத்தனை நாள் முன்பு, தக்கைப்பூண்டு மடக்கினார்களா, எந்தத் தேதியில் யூரியா இட்டார்கள் என்பவை அடுத்த கேள்விகள். வைக்கோலை நடவுக்கு ஒரு மாதத்துக்குள் மடக்கினால் மீத்தேன் பெருகும். அதற்கும் வெகுமுன்பே மடக்கி மட்கவிட்டால் அதன் விளைவு வெகுவாகக் குறையும். இவை இல்லாமல் தரப்படும் எந்த எண்ணும், எத்தனை தசமப் புள்ளி கொண்டிருந்தாலும், வெர்செல்லி எண்ணை இந்தியாவுக்குப் பொருத்தியதைப் போன்றதுதான்.

காவிரிப் படுகையில் இந்த ஆபத்து கண்கூடானது. ஆழ்துளைக் கிணற்றைக் கொண்டு குறுவை செய்யும் உழவர், மோட்டாரை நிறுத்தி வயலைக் காயவிட முடியும். அவருடைய 18 கிலோவோ 66 கிலோவோ நியாயமான கணக்கு. அதே வயலில் சம்பா நிற்கும்போது ஐப்பசி, கார்த்திகை மழை இறங்குகிறது. வடிகால் வாய்க்கால் நிரம்பி, கடைமடையில் நீர் வெளியேற வழியின்றி வாரக்கணக்கில் வயல் மூழ்கிக் கிடக்கிறது. குழாய் புதைத்திருந்தாலும் அதில் நீர்மட்டம் இறங்கப்போவதில்லை. அந்தச் சம்பா வயலுக்கும் குறுவையின் காரணியைப் போட்டு வரவு எழுதினால், 1990இல் மேல்நோக்கிச் செய்த பிழையை இப்போது கீழ்நோக்கிச் செய்கிறோம். அங்கே பொருந்தும் எண் 162க்கும் 190க்கும் இடையில்தான் இருக்கும்; அதைக் குறைக்க வேண்டுமானால் உழவரிடம் குழாயைக் கொடுப்பதற்கு முன்னால் அரசு வடிகாலைத் தூர்வார வேண்டும்.